2022 யூரோலீக் மகளிர் கோப்பை: 'ஆடாமலே ஜெயித்த' ஷோப்ரோன்?

ரஷ்ய கிளப்களை வெளியேற்றியதால் ஐரோப்பிய கிளப்கள் மோதும் 2022 யூரோலீக் மகளிர் கூடைப்பந்துக் கோப்பை ஹங்கேரியின் ஷோப்ரோன் அணிக்குச் சும்மா கிடைத்தது, இறுதிப் போட்டியே நடக்கவில்லை என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு.

உக்ரைன் போரையடுத்து ரஷ்ய கிளப்கள் நீக்கப்பட்டது உண்மை. 2021 சாம்பியன் யூஎம்எம்சி எகடெரின்பர்க்கும் அதில் அடக்கம். ஆனால் கோப்பை கைமாறியது ஆட்டக்களத்தில்தான். இஸ்தான்புல்லில் 2022 ஏப்ரலில் நடந்த இறுதிப் போட்டியில் ஃபெனர்பாச்சேயை ஷோப்ரோன் 60-55 என வென்றது. அதுவும் எதிரணியின் சொந்த ஊரில்!

இந்த ஸ்கோரே போதுமான சாட்சி. எதிரணி ஆடாமல் வெற்றி வழங்கினால், சர்வதேச கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி 20-0 என்றுதான் பதிவாகும். 60-55 என்பது 40 நிமிடமும் மல்லுக்கட்டிய, தடுப்பாட்டம் இறுகிய ஆட்டத்தின் கணக்கு. ஷோப்ரோனின் கேபி வில்லியம்ஸ் சிறந்த வீராங்கனையானார்.

எகடெரின்பர்க் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்பது வேறு விவாதம். அதில் நியாயம் உண்டு. 2018 இறுதிப் போட்டியில் இதே ஷோப்ரோனை, ஷோப்ரோன் நகரிலேயே, 72-53 என வீழ்த்திய அணி அது.