பாப்கார்ன் சோதனை: ஒரு சிறு திருத்தம்

1957-இல் ஓர் அமெரிக்கத் திரையரங்கில், கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் ‘பாப்கார்ன் சாப்பிடுங்கள்’ என்று திரையில் மின்னவிட்டதும் பாப்கார்ன் விற்பனை 57 சதவீதத்துக்கும் மேல் ஏறியது, சேலம் தியேட்டர்களிலும் இதுதான் நடக்கிறது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அந்தக் கணக்கைச் சொன்னவர் ஜேம்ஸ் விக்காரி என்ற சந்தை ஆய்வாளர். முழு விவரத்தை அவர் வெளியிடவே இல்லை. 1962-இல் ‘அட்வர்டைசிங் ஏஜ்’ என்ற விளம்பரத் துறை இதழுக்கு அளித்த பேட்டியில், கையிலிருந்த தரவு பொருட்படுத்த முடியாத அளவுக்குச் சொற்பம் என்று அவரே ஒப்புக்கொண்டார். அவருடைய பெயரையும் அந்த இதழின் பெயரையும் 1962-உடன் சேர்த்துத் தேடினால் எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம். சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் படம் பார்க்கப் போனால் இடைவேளையில் என்னை வரிசையில் நிற்கவைப்பது, கதவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் வெண்ணெய் வாசனைதான்.