சாகவும் மாட்டேன், வேலை செய்யவும் விடமாட்டேன் என்கிற டிஸ்க்

“ஸ்மார்ட் ஸ்டேட்டஸ் பாஸ்டு என்று காட்டுகிறது, டிஸ்க் நல்ல நிலையில் உள்ளது, ஆகவே வாரன்டியில் மாற்றித் தர இயலாது.” வாரன்டி டிக்கெட்டில் இன்று காலை வந்த பதில் இது; ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சோதித்துச் சொல்வது. படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. நல்ல நிலையிலா? ஒரு ராத்திரி முழுக்க மொத்த கிளஸ்டரையும் அசையவிடாமல் பிடித்து வைத்திருந்த டிஸ்க் ஐயா அது. நான் அனுப்பிய லாகை அந்தப் பதிலை எழுதியவர் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று அடித்துச் சொல்வேன்.

பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே பெரிய சேமிப்பிடமாக்குகிற செஃப் என்கிற மென்பொருளில் கிளஸ்டர் வைத்து மேய்க்கிறவர்களுக்கு இதற்கு மேல் முன்கதை தேவையில்லை. ஸ்லோ ஆப்ஸ் என்று, அதாவது வேலைகள் முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கின்றன என்று, திரையில் வந்தாலே அன்றைய தூக்கம் போச்சு என்பது உங்களுக்கே தெரியும்.

முதல் ஃபோன் வழக்கம்போலத்தான். “சார், சர்வர் பிங் ஆகுது, ஆனா லாகின் ஆக மாட்டேங்குது.” அதைக் கேட்டவுடனேயே ஸ்டோரேஜ்தான் என்று தெரிந்துவிட்டது. இருக்கிறாயா என்று கேட்கிற பிங்குக்குப் பதில் சொல்ல டிஸ்க் வேண்டாம், லாகினுக்கு வேண்டும். அடுத்த ஃபோன், அதற்கடுத்த ஃபோன், எல்லாரும் சொன்னது அதே வாக்கியம். முன்பே திறந்து வைத்திருந்த ஒரு விஎம்மில், அதாவது சர்வருக்குள் ஓடுகிற மெய்நிகர் கணினியில், பார்த்தால் வரிசையில் நிற்கிற வேலைகளைக் காட்டும் லோட் ஆவரேஜ் முந்நூறைத் தாண்டி நிற்கிறது, சிபியு சும்மா கிடக்கிறது, பிராசஸ் எல்லாம் டிஸ்க்குக்காகக் காத்திருக்கிற டி ஸ்டேட்டில் உறைந்து கிடக்கிறது. கட்டாயமாகக் கொல்கிற கில் மைனஸ் நைன் அடித்தாலும் சாகாது, ஏனென்றால் டிஸ்க்கிலிருந்து பதில் வரும்வரை இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதை எழுப்பாது. 120 விநாடிக்கு மேல் பிளாக் ஆகியிருக்கிறது என்று கெர்னல் லாகில் வரி வரியாக ஓடுகிறது. செஃப் கிளையன்டுக்கு டைம்அவுட்டே கிடையாது, டீஃபால்ட் மதிப்பு 0, அதாவது காலத்துக்கும் காத்திருக்கும். அதை நான் குறை சொல்லமாட்டேன். எழுதாததை எழுதிவிட்டேன் என்று பொய் சொல்வதைவிடக் காத்திருப்பது எவ்வளவோ மேல்.

மேலே இருக்கிற ஒருத்தர் கேட்டார், “அறுபது டிஸ்க்ல ஒண்ணு மக்கர் பண்ணா எப்படிப்பா எல்லாமே நிக்கும்?” இந்தக் கேள்வியை எத்தனை பேருக்கு விளக்குவது! நூறு ஜிபி டிஸ்க் என்று விஎம்முக்குக் கொடுப்பது உள்ளே 4 எம்பி துண்டுகளாக, மொத்தம் 25,600 துண்டுகளாக, அறுபது டிஸ்க்கிலும் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பிரதி. அப்படியானால் எந்த ஒரு டிஸ்க்கை எடுத்தாலும் இருபதில் ஒரு துண்டு, கிட்டத்தட்ட 1,280 துண்டு, அதன் தலையில் இருக்கும். எந்த விஎம்மும் தப்பாது. எழுத்து வேலையில் மூன்று பிரதியும் எழுதி முடித்தேன் என்று சொன்னால்தான் விஎம்முக்குப் பதில் போகும். மூன்று பேர் கையெழுத்துப் போட்டால்தான் ஃபைல் நகரும் ஆபீஸ் மாதிரி. ஒருத்தர் லீவில் போய்விட்டால் இரண்டு கையெழுத்து போதும் என்று விதி இருக்கிறது. ஆனால் அவர் லீவிலும் போகாமல், ஃபைலை மேசையில் வைத்துக்கொண்டு, “இருக்கேன், இருக்கேன்” என்று மட்டும் குரல் கொடுத்துக்கொண்டிருந்தால்? அதுதான் நடந்தது.

முதலில் நடந்த அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். எது மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று கேட்கிற ஹெல்த் டீட்டெயில் அடித்தால் ஓஎஸ்டி 4, 11, 37 என்று ஒரு நீளப் பட்டியல்; ஓஎஸ்டி என்பது ஒரு டிஸ்க்கைக் கவனிக்கிற செஃப் சர்வீஸ், டிஸ்க்குக்கு ஒன்று. அதில் 23-ம் இருந்தது, பத்தோடு பதினொன்றாக. ஷிஃப்டில் இருந்த தம்பி, “அண்ணா, பட்டியல்ல இருக்கறதெல்லாம் ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிடவா?” என்று கேட்டான். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் லைனில் இருந்த இன்னொருத்தர் பண்ணிடு என்றுவிட்டார். 4 நல்ல டிஸ்க், 11 நல்ல டிஸ்க், 37 நல்ல டிஸ்க். ஒவ்வொன்றையும் ரீஸ்டார்ட் செய்யும்போதும் அதில் உள்ள பிஜி எல்லாம், அதாவது துண்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிற தொகுப்புகள் எல்லாம், பிரதிகள் ஒத்திருக்கின்றனவா என்று ஒப்பிடுகிற பியரிங்குக்கு மறுபடி போகும், அது முடிகிறவரை அந்தப் பக்கமும் ஐஓ, அதாவது எழுதுவதும் படிப்பதும், நிற்கும். ஓடிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சமும் நின்றது. தெரியாத இடத்தில் ரீஸ்டார்ட் அடிக்காதீர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் இந்தத் தொழிலில் யார் காதிலும் ஏறுவதில்லை.

அப்புறம் நெட்வொர்க் சண்டை. சுவிட்சில் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, மாறியிருக்குமோ என்று ஒருத்தர் கிளப்ப, இல்லவே இல்லை என்று இன்னொருத்தர் மல்லுக்கு நிற்க, அரைமணி நேரம் அதிலேயே போனது. 9000 எம்டியு சரியாக இருக்கிறதா என்று பார்க்க 8972 பைட் வைத்து, துண்டாக்காதே என்று சொல்லி ஒரு பிங் அடித்தால் போதும். அடித்தேன், எல்லா சர்வருக்கும் போனது. சண்டை அதற்குப் பிறகும் ஓடியது.

விடை எங்கே இருந்தது தெரியுமா? ஓஎஸ்டி 4-க்குள்ளேயே இருந்தது. அதை நேரடியாக விசாரிக்கிற அட்மின் சாக்கெட்டில் டம்ப் ஆப்ஸ் இன் ஃப்ளைட் என்று கேட்டால், மாட்டிக்கொண்டு நிற்கிற ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் எந்த நேரத்தில் எங்கே இருந்தது என்று வரி வரியாகக் கொடுக்கிறது. பிஜிக்கு வந்து சேர்ந்தது, ஒரு வரி. வேலை தொடங்கியது, ஒரு வரி. 23, 41 இரண்டின் சப்ஆப்ஸுக்காக, அதாவது அவை தம் பிரதியை எழுதி முடிப்பதற்காக, காத்திருக்கிறேன், ஒரு வரி. சில மில்லி விநாடி கழித்து ஒரு ரெப்ளிகாவின், அதாவது ஒரு பிரதியின், எழுதி முடித்தேன் என்கிற கமிட் வந்து சேர்ந்தது, அதுவும் ஒரு வரி. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அந்த ரிக்வெஸ்ட்டின் வயது எண்ணூறு விநாடியைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஓஎஸ்டி 11-ல் கேட்டேன், 23, 9 என்று காத்திருக்கிறது. 37-ல் கேட்டேன், 23, 52. மூன்றிலும் பொதுவாக நிற்பது யார்? இதைப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. பட்டியலில் வருகிறவர் குற்றவாளி அல்ல, அவர் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும் என்பதை இந்தத் தொழிலுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லித் தந்திருக்க வேண்டும். யாரும் சொல்லித் தருவதில்லை.

23 இருக்கிற சர்வரில், டிஸ்க்கின் வேகத்தைக் காட்டுகிற ஐஓஸ்டாட் போட்டுப் பார்த்தேன். பக்கத்து டிஸ்க்குகள் எட்டு, பத்து மில்லி விநாடியில் வேலையை முடித்துக்கொண்டிருக்கின்றன. இது நாலாயிரம். யூட்டிலைசேஷன் நூறு சதவீதம், செய்து முடித்த வேலை ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஸ்மார்ட்டில் பார்த்தால் படிக்கத் திணறுகிற செக்டர்களின் எண்ணிக்கை, அந்தப் பென்டிங் செக்டர் வரி, ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ஏறுகிறது.

இப்போது என் கோபம் செஃப் மீது. ஓஎஸ்டியின் வேலைத் திரெட் 15 விநாடிக்கு மேல் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டால் உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கிற ஹார்ட்பீட்டுக்கு அது பதில் தருவதை நிறுத்திக்கொள்ளும், 150 விநாடி தாண்டினால் தன்னையே முடித்துக்கொள்ளும், 20 விநாடி பதில் வராவிட்டால் மற்ற ஓஎஸ்டிகள் கிளஸ்டரைக் கண்காணிக்கிற மானிட்டரிடம் புகார் செய்யும். எல்லாம் சரி. ஆனால் சர்வருக்கென்று விற்கிற டிஸ்க்குகள் படிக்க முடியாத செக்டரோடு பொதுவாக 7 விநாடிதான் மல்லுக்கட்டும். நாலு விநாடியிலோ ஆறு விநாடியிலோ எப்படியோ படித்துவிட்டால் எரர்கூட வெளியே வராது. ஆக, ஒவ்வொரு வேலையும் 15 விநாடிக்குள் முடிகிறது, அடுத்தது தொடங்குகிறது, வரிசை மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. டிஸ்க் விதியை மீறவே இல்லை! செத்த டிஸ்க்கை நொடியில் கண்டுபிடித்து ஓரம்கட்டத் தெரிந்த இவ்வளவு பெரிய சிஸ்டத்துக்கு, பக்கத்து டிஸ்க்குகளைவிட நானூறு மடங்கு மெதுவாக ஓடுகிற ஒன்றைத் தானாக ஓரம்கட்டத் தெரியவில்லை. 30 விநாடி தாண்டியதும் வார்னிங் போடுகிறது, அதோடு தன் கடமை முடிந்தது என்று நிற்கிறது. எர்ரர்கூட இல்லை, வார்னிங். மஞ்சள் நிறத்தில்.

இது புதுப் பிரச்சினையும் அல்ல. செத்துப்போகாமல் மெதுவாகிப்போகிற ஹார்டுவேரைப் பற்றி 2018-லேயே 12 நிறுவனங்களிலிருந்து 101 சம்பவங்களைத் திரட்டி ஆய்வாக வெளியிட்டிருக்கிறார்கள். டிஸ்க், எஸ்எஸ்டி, சிபியு, மெமரி, நெட்வொர்க் கார்டு, எதுவும் பாக்கியில்லை. நூறு சர்வரைக் கேட்டுப் பதில் தொகுக்கிற இடத்தில், ஒவ்வொரு சர்வரும் நூற்றில் ஒரு தடவைதான் தாமதிக்கும் என்றாலும் 63 சதவீத ரிக்வெஸ்ட்டுகள் தாமதமாகும் என்று 2013-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். தெரிந்த வியாதிக்கு இன்னும் ராத்திரி எழுந்து உட்கார்ந்து கையால் தேடிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் டேஷ்போர்டோ பச்சையாகவே இருந்தது. ஏன்? சராசரி. ஐம்பத்தொன்பது டிஸ்க் எட்டு மில்லி விநாடி, ஒன்று நாலாயிரம், கூட்டி அறுபதால் வகுத்தால் எழுபத்தைந்துகூட வராது. அலாரம் நூறில் வைத்திருக்கிறார்கள். சராசரி காட்டுகிற கிராஃபை ஸ்டோரேஜ் டேஷ்போர்டிலிருந்து தூக்குங்கள் என்று நான் கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது. ஒவ்வொரு டிஸ்க்கின் கமிட் லேட்டன்சியையும், அதாவது எழுதி முடிக்க ஆகிற நேரத்தையும், தனித்தனியாக ஓஎஸ்டி பெர்ஃப் என்று ஒரே கமாண்டு காட்டுகிறது, அதில் உயரமாக நிற்கிற ஒன்றுக்கு அலாரம் வைக்க என்ன தடை?

குற்றவாளியைப் பிடித்த பிறகாவது முடிந்ததா? இல்லை. 23-ஐ அவுட் செய்துவிடு, அதாவது அதன் தரவை வேறு டிஸ்க்குகளுக்கு மாற்றச் சொல்லிவிடு என்றார்கள். செய்தும்விட்டார்கள். அவுட் செய்தால் டிஸ்க் நிற்காது ஐயா! அது ‘அப்’ நிலையிலேயே, அதாவது ஓடிக்கொண்டேதான், இருக்கும், புது இடத்துக்குத் தரவு முழுதும் போய்ச் சேரும்வரை பழைய கூட்டணியிலேயே எழுதிக்கொண்டிருக்கும், கூடவே அதிலிருந்து தரவை வாரி எடுக்கிற வேலையும் அதன் தலையில் ஏறும். மூச்சு வாங்குகிற டிஸ்க்குக்கு இன்னொரு சுமை. நிறுத்த வேண்டும், அந்த ஓஎஸ்டி சர்வீஸை ஸ்டாப் செய்ய வேண்டும். “தரவு போய்விட்டால் யார் பொறுப்பு?” என்று கேட்டார்கள். மூன்று பிரதியில் ஒன்று போனால் இரண்டு இருக்கிறது, இரண்டு பிரதி இருந்தாலே வேலை ஓடலாம் என்கிற மின்சைஸ் 2 என்று வைத்திருப்பதே இதற்காகத்தான், மற்ற பிஜி எல்லாம் முழுசாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன் என்று கத்தினேன். ஆமாம், கத்தினேன். கடைசியில் ஸ்டாப் கொடுத்ததும் சில விநாடி பியரிங், அவ்வளவுதான், அத்தனை நேரம் மாட்டிக்கொண்டு நின்ற எல்லாம் மளமளவென்று வடிந்து போனது. லாகின் ஆகிறது சார் என்று ஃபோன் வரத் தொடங்கியது.

அந்த டிஸ்க்கைத்தான் நல்ல நிலையில் இருக்கிறது என்கிறார்கள். ஸ்மார்ட் பாஸ்டு என்றால் உற்பத்தியாளர் வைத்த எல்லைக்கோட்டை எதுவும் தாண்டவில்லை என்று மட்டுமே அர்த்தம். பென்டிங் செக்டருக்குப் பல டிஸ்க்குகளில் அந்தக் கோடே பூஜ்யத்தில் இருக்கிறது, அதாவது எவ்வளவு மோசமானாலும் அந்த வரி ஃபெயில் காட்டாது. தங்களுக்கு வசதியான இடத்தில் தாங்களே கோடு போட்டுக்கொண்டு, கோட்டைத் தாண்டவில்லை, போ என்கிறார்கள். லாங் டெஸ்ட் ரிப்போர்ட், ஐஓஸ்டாட், கெர்னல் லாக் எல்லாவற்றையும் மறுபடி இணைத்துப் போட்டிருக்கிறேன். விடப்போவதில்லை.

அப்புறம் இன்னொன்று. அந்த டிஸ்க் இருந்தது சர்வரின் பின்பக்கத்தில் டிஸ்க் செருகுகிற இடத்தில். அதற்குக் குறுக்கே பவர் கேபிளையும் நெட்வொர்க் கேபிளையும் ஒன்றாக இழுத்து ஜிப் டை போட்டு இறுக்கி வைத்திருக்கிறார் யாரோ. ட்ரே பாதிக்கு மேல் வெளியே வரவில்லை. அணைக்காமலே டிஸ்க்கை மாற்றலாம், ஹாட் ஸ்வாப் என்று காசு கொடுத்து வாங்கிய சர்வரில் ஒரே ஒரு டிஸ்க்கைக் கழற்ற, தரவு இடம்மாறாமல் இருக்க நோஅவுட் போட்டு மொத்த சர்வரையும் அணைக்க வேண்டியிருந்தது. அதில் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த மற்ற எல்லா ஓஎஸ்டியும் சேர்ந்து நின்றது. கேபிள் கட்டுகிறவர்கள் ட்ரே வெளியே வர இடம் விட்டுக் கட்டமாட்டார்களா? வெல்க்ரோ பட்டை என்று ஒன்று கடையில் விற்கவில்லையா? இனிமேல் ஜிப் டை பாக்கெட்டோடு எவர் அந்த ரேக் பக்கம் வந்தாலும் உள்ளே விடமாட்டேன், அவர் யாராக இருந்தாலும் சரி.