உயர்தரக் கணிதக் கொப்பியை எறிந்துவிடாதீர்கள்

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் தங்கச்சி ஒருத்திக்குக் கணினி விஞ்ஞானம் கிடைத்திருக்கிறது. தமிழ் மொழிமூலத்தில் உயர்தரம் படித்த பிள்ளை. போன கிழமை அவளுடைய அம்மா வந்து, "தம்பி, கம்பஸ் தொடங்க முன்னம் இவளை எந்த இங்கிலிஷ் வகுப்புக்கு விடுறது? பைதன் கோர்ஸும் செய்ய வேணுமாமே?" என்று கேட்டார். பைதன் என்பது புரோகிராம் எழுதும் ஒரு கணினி மொழி. இணைந்த கணிதக் கொப்பிகளைப் பழைய பேப்பரோடு சேர்த்துக் கட்டி வைத்துவிட்டதாகவும் சொன்னார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. கட்டை அவிழ்க்கச் சொன்னேன்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விரிவுரை, பரீட்சை, பாடப்புத்தகம் எல்லாம் ஆங்கிலத்தில்தான். வகுப்புக்குப் போகட்டும். ஆனால் "இதுவரை தமிழில் படித்தது இனி உதவாது" என்ற எண்ணத்தோடு ஒரு பிள்ளை முதலாம் வருடத்துக்குள் காலடி வைத்தால், அந்த வருடம் முழுக்கப் பாடமாக்குவதிலேயே போய்விடும். என்னுடைய முதல் வருடம் அப்படித்தான் போனது.

ரிகர்சன் படித்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு வேலையைச் செய்யும் புரோகிராம் துண்டு, தன்னையே அழைக்கும் என்றார்கள். பலகையில் இருந்ததை ஓர் எழுத்து விடாமல் எழுதினேன், ஒன்றும் விளங்கவில்லை. கேள்வி கேட்கவும் வாய் வரவில்லை, ஏனென்றால் கேள்வியை ஆங்கிலத்தில் கோர்த்து முடிப்பதற்குள் விரிவுரை அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். ஃபக்டோரியல் (1 இலிருந்து ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்குவது) புரோகிராமை அப்படியே பாடமாக்கிக்கொண்டு பரீட்சைக்குப் போனேன். கேள்வி வேறு விதமாக வந்தது. வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு ஒரு குப்பியில், அதாவது சீனியர்மார் எங்களுக்குப் பாடம் சொல்லித்தரும் வகுப்பில், அண்ணா ஒருவர் கேட்டார்: "டேய், உயர்தரத்தில கணிதத் தொகுத்தறிவு செய்தனியெல்லோ?" செய்திருக்கிறேன், எத்தனையோ கடந்தகால வினாத்தாள்களில். முதலில் ஒன்றுக்கு உண்மை என்று காட்டுவோம். பிறகு ஏதோ ஓர் எண்ணுக்கு உண்மை என்று எடுத்துக்கொண்டு, அதற்கு அடுத்த எண்ணுக்கும் உண்மை என்று நிறுவுவோம். அண்ணா சொன்னார்: "அதையே மேலயிருந்து கீழ இறங்கிப் பார். 7 இன்ர ஃபக்டோரியல் வேணுமெண்டால் 6 இன்ரயைக் கேள், அது 5 இன்ரயைக் கேக்கும். 1 வந்ததும் நிக்கும். முதற்படியை எழுதாட்டி அங்க உனக்குப் புள்ளி போகும், இங்க புரோகிராம் நிக்காமல் ஓடி, முடியாத அழைப்புகளை அடுக்கி வைக்கிற ஸ்டாக் நிரம்பி விழும்."

இரண்டு நிமிடம்தான். பல வாரங்களாக விளங்காதது தமிழில் விளங்கியது. என்னிடம் குறைந்தது ஆங்கிலம் மட்டும் அல்ல. எனக்கு ஏற்கெனவே தெரிந்ததோடு புதியதை முடிந்துகொள்ள ஒரு கயிறு இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். தாயம் (எண்களை நிரை நிரலாக அடுக்கும் மற்றிக்ஸ்), நிகழ்தகவு, வரிசைமாற்றமும் சேர்மானமும் எல்லாம் இப்படித்தான் வேறு பெயரில் திரும்பி வரும். திரையில் ஒரு படத்தைச் சுழற்றுவதே தாயப் பெருக்கம்தான்.

தமிழ் இந்தப் படிப்புக்குள் இன்னொரு வழியாலும் வரும். "யாழ்ப்பாணம்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பைதனிடம் கேட்டுப் பாருங்கள். நாங்கள் எண்ணினால் 6. அது 11 என்று சொல்லும், ஏனென்றால் எழுத்துகளுக்குக் கணினி எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் அரவும் குற்றும் தனித்தனிக் குறிகள். யூனிகோடைக் கோப்பில் எழுதும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் (சேமிப்பின் அலகு), மொத்தம் 33. சொல்லைப் பின்பக்கமாகத் திருப்பும் சாதாரண புரோகிராமைப் போட்டால் குற்றுகள் வேறு எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலச் சொற்களை மட்டும் வைத்துப் பழகுபவருக்கு இந்தச் சிக்கல் இலகுவில் கண்ணில் படாது.

பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் எங்கள் ஊர் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் இன்னும் கிடக்கின்றன. பாமினியில் கொம்பை முதலில் அடித்து அப்புறம்தான் எழுத்தை அடிப்போம். யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பின்னால். இதை மாற்றும் ஒரு சின்னப் புரோகிராமை முதலாம் வருடப் பிள்ளையே எழுதலாம். விடுமுறைக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கான் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. அந்தப் பக்கங்களுக்குள் இருக்கும் சொற்களைத் தேடி எடுப்பது நல்ல கணினி விஞ்ஞானப் பிரச்சினை. தமிழை வாசிக்கத் தெரிந்தவரே அதை வடிவாகத் தீர்ப்பார்.

வெட்டுப்புள்ளியால் கம்பஸ் தவறிய பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்வேன். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பிஐடி என்ற தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டத்தை வீட்டில் இருந்தே படிக்கலாம். அங்கேயும் இதே கணிதம்தான் காத்திருக்கிறது. தனியாகப் படிப்பவர்களுக்குக் குப்பி இன்னும் தேவை.

சீனியர்மாரிடம் ஒரு வேண்டுகோள். குப்பியைப் பரீட்சைக்கு முதல் நாள் வரை இழுத்து வைக்காதீர்கள். முதல் மாதத்திலேயே தொடங்குங்கள், தமிழில் சொல்லுங்கள், விடையை ஆங்கிலத்தில் எழுதப் பழக்குங்கள். "இதுகூடத் தெரியாதா?" என்று மட்டும் யாரையும் கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வியோடு அடுத்த நான்கு வருடமும் வாய் திறக்காமல் இருந்த நண்பர்கள் எனக்கு உண்டு.

வாற சனிக்கிழமை பின்னேரம் அந்தத் தங்கச்சி வீட்டுத் திண்ணையில் முதலாவது குப்பி. இன்னும் இரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். லப்டொப் இப்போதைக்கு வேண்டாம், தொகுத்தறிவுக் கணக்குச் செய்த கொப்பியைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.