60 கஜத்துக்குத் தோட்டா தேடாதீர்கள்

மார்ச் மாதம் பிறந்தால் போதும், எனக்கு வருகிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "அண்ணா, வான்கோழிக்கு எந்த ஷெல் நல்லது, எந்த சோக் வாங்கலாம்? 60 கஜம் அடிக்கணும்." ஷெல் என்றால் ஷாட்கன் தோட்டா, உள்ளே ரவை எனப்படும் சின்னச் சின்ன உலோகக் குண்டுகள் நிறைந்திருக்கும். சோக் என்றால் துப்பாக்கிக் குழாயின் முனையில் மாட்டுகிற குறுகிய உருளை. கேட்பவர்கள் பெரும்பாலும் இங்கே அமெரிக்காவில் மிசோரி, கான்சஸ் பக்கம் வேலைக்கு வந்து, கூட வேலை பார்க்கிறவர்களோடு காட்டுக்குப் போய்ப் பழகி, ஹன்டர் எஜுகேஷன் வகுப்பும் முடித்து, இப்போது சொந்தமாக ஒரு ஷாட்கன் வாங்கியிருக்கும் நம் ஆட்கள். கேள்வியின் முதல் பாதியைப் பற்றி மணிக்கணக்கில் பேச நான் தயார். அந்த 60 கஜம்தான் எனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை.

அடிப்படையிலிருந்து வருகிறேன். வான்கோழியை உடம்பில் சுடுவதில்லை. வளர்ந்த சேவல் 20 பவுண்டுக்குக் கிட்ட எடை இருக்கும், இறகு அடுக்கடுக்காக, அதற்கு அடியில் தடித்த நெஞ்சுக்கறி. அங்கே நாலு ரவை பட்டால் அது விழாது. ஓடும், பறக்கும், எங்கேயோ புதருக்குள் போய் இரண்டு மூன்று நாள் கழித்துச் சாகும். சுட வேண்டியது தலையையும் கழுத்தையும். அதிலும் மூளையிலோ கழுத்தெலும்பிலோ படுகிற ரவைதான் அந்த இடத்திலேயே விழவைக்கும், மற்றதெல்லாம் தோல், சதை. ஆடிக்கொண்டே நடக்கிற அவ்வளவு சின்ன இலக்கில் இரண்டு மூன்று ரவையாவது நிச்சயம் பட வேண்டும் என்றால் அந்தத் தூரத்தில் ரவை நெருக்கமாகப் போய்ச் சேர வேண்டும், சேர்ந்த ரவைக்கு எலும்பை உடைக்கிற வேகமும் மிச்சம் இருக்க வேண்டும். ஷெல், சோக் என்று நாம் பேசுவதெல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

ரவையின் எண் தலைகீழ்க் கணக்கு, எண் கூடக்கூட ரவை சிறுக்கும். 17-லிருந்து எண்ணைக் கழித்து நூறால் வகுத்தால் விட்டம் அங்குலத்தில் கிடைக்கும். 4-ஆம் எண் 0.13 அங்குலம், 5-ஆம் எண் 0.12, 9-ஆம் எண் 0.08. ஈயத்தில் வான்கோழிக்கு 4, 5, 6 மூன்றும்தான் காலங்காலமாகப் புழக்கத்தில் இருப்பவை. (மிசோரியில் 4-ஐவிடப் பெரிய ரவை சட்டப்படியே கூடாது. சில பொது நிலங்களில் ஈயமே கூடாது. உங்கள் மாநில விதியைக் கிளம்பும் முன் ஒரு முறை படித்துவிடுங்கள்.) ஒரு அவுன்ஸில் 4-ஆம் எண் சுமார் 135 ரவை, 5-ஆம் எண் 170, 6-ஆம் எண் 225 இருக்கும். 4 ஆழமாக இறங்கும், ஆனால் எண்ணிக்கை குறைவு. 6 நெருக்கமாக விழும், ஆனால் சீக்கிரம் வேகம் இழக்கும். எனக்கு 5 பிடிக்கும். வின்செஸ்டர் லாங் பியர்டு மாதிரி, ரவைகளைப் பிசின் ஊற்றி இறுக்கிவைத்த ஈயத் தோட்டா இன்றைக்கும் 40 கஜத்துக்குத் தாராளமாகப் போதும், விலையும் கையைக் கடிக்காது.

அப்புறம் வந்தது டங்ஸ்டன் ரவை, எல்லோரும் டிஎஸ்எஸ் (டங்ஸ்டன் சூப்பர் ஷாட்) என்று சொல்வது. ஈயத்தின் அடர்த்தி சுமார் 11 என்றால் இதற்கு 18. கையில் கொட்டிப் பார்த்தால் 9-ஆம் எண் ரவை கடுகு அளவுதான், ஆனால் அந்தக் கடுகு கிட்டத்தட்ட 5-ஆம் எண் ஈய ரவை இறங்குகிற ஆழத்துக்கு இறங்கும், அதுவும் அவுன்ஸுக்கு 360 ரவை. முன்பெல்லாம் வீட்டில் தோட்டா நிரப்புகிறவர்கள் மட்டும் வைத்திருந்த சரக்கு இது. 2018-இல் ஃபெடரல் கம்பெனியும் பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்த பிறகு எல்லோர் கையிலும் வந்துவிட்டது. ஒரு தோட்டா பத்து டாலரைத் தாண்டுகிறது, ஐந்து தோட்டா ஒரு பெட்டி, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

டிஎஸ்எஸ் அருமையான சரக்கு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதனால் கிடைத்த பலத்தை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் என் சண்டை. 12 கேஜில் (கேஜ் என்பது குழாயின் பருமன், எண் கூடினால் குழாய் சிறுக்கும்) மூன்றரை அங்குல நீள ஷெல் போட்டு, தோள்பட்டை கழன்றுபோகிற மாதிரி உதை வாங்கி, 60, 70 கஜத்தில் நிற்கும் சேவலை விழவைத்தேன் என்று வீடியோ போடுகிறார்கள். இதே டிஎஸ்எஸ் இருப்பதால் 20 கேஜ் துப்பாக்கி, ஏன் சின்னஞ்சிறு 410-கூட, 40 கஜத்துக்குள் முழு நம்பிக்கையோடு சுடக்கூடிய ஆயுதமாகிவிட்டது. எடை குறைவு, உதை குறைவு, உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கிற பழக்கமும் வராது. வீட்டில் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்? பலத்தைத் தூரமாக மாற்றாதீர்கள், லேசான துப்பாக்கியாக மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, சோக். குழாயின் வாய்ப்பக்கம் திருகி மாட்டுகிற, உள்ளே கொஞ்சம் குறுகிய உருளை, அவ்வளவுதான். ரவைக்கூட்டம் வெளியே வரும்போது அதை நெருக்கி அனுப்பும். 12 கேஜ் குழாயின் உள்விட்டம் பொதுவாக 0.729 அங்குலம். ஃபுல் சோக் அதை 0.695 பக்கம் குறுக்கும், வான்கோழிக்கென்று விற்கிற சோக்குகள் 0.670, 0.660, 0.650 என்று இன்னும் இறங்கும். கடையில் நிற்கிறபோது "குறைந்த எண்ணே உயர்ந்த சரக்கு" என்று தோன்றும். அப்படி இல்லை. முதல் காரணம், எல்லாக் குழாயும் 0.729 கிடையாது. மாஸ்பெர்க் 835 என்ற ஷாட்கனை எடுத்துக்கொள்ளுங்கள், 12 கேஜ் என்றுதான் பெயர், உள்விட்டம் 0.775. அதில் 0.695 சோக் மாட்டினாலே அது ஏகப்பட்ட இறுக்கம். ஆகவே சோக்கின் எண்ணைத் தனியாகப் பார்க்காதீர்கள், உங்கள் குழாயோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டாவது, ஈயம் மென்மையான உலோகம். அளவுக்கு மீறி நெருக்கினால் ரவை நசுங்கும், நசுங்கிய ரவை நேராகப் போகாது, பேட்டர்ன், அதாவது ரவை விழுகிற பரப்பு, நெருங்குவதற்குப் பதில் சிதறும். டங்ஸ்டன் நசுங்காது, ஆனால் அவ்வளவு கடினமான ரவையை எந்த சோக் தாங்கும் என்று அதைச் செய்த கம்பெனி எழுதியிருப்பதை மீறக் கூடாது. எஃகு ரவையை இந்த இறுக்கமான வான்கோழி சோக்குகளில் போடவே போடாதீர்கள், குழாய் போய்விடும்.

யாரும் சொல்லாத இன்னொரு விஷயம், கிட்டத்தில் என்ன ஆகிறது என்பது. நாம் பெட்டைக் குரல் கொடுத்து வரவழைக்கும் சேவல், எல்லாம் சரியாக நடந்தால், 15, 20 கஜத்தில் வந்து நிற்கும். இந்த வேட்டையின் அழகே அதுதான், அது மூச்சுவிடுவது கூடக் கேட்கும். 0.650 சோக்கும் டிஎஸ்எஸ்ஸும் போட்டால் அந்தத் தூரத்தில் ரவைக்கூட்டம் மூன்று நான்கு அங்குலத்துக்கு மேல் விரியாது. கை கொஞ்சம் ஆடினாலும் மொத்தக் கூட்டமும் கழுத்தை ஒட்டிப் போய்விடும். கிட்டத்தில் நின்ற சேவலைத் தவறவிட்டவர்களிடம் என்ன சோக் என்று கேளுங்கள், பெரும்பாலும் கடையிலிருந்ததிலேயே இறுக்கமானதாக இருக்கும். 60 கஜத்துக்கென்று கட்டிய துப்பாக்கி 15 கஜத்தில் மன்னிக்காது.

அதனால் பேப்பரில் சுடாமல் காட்டுக்குப் போகாதீர்கள். பெரிய அட்டை ஒன்றை நட்டு, நடுவில் வான்கோழித் தலையும் கழுத்தும் வரைந்து, உட்கார்ந்து, துப்பாக்கியை ஆடாமல் தாங்கவைத்து 40 கஜத்திலிருந்து ஒரு ஷெல். ரவை எங்கே அதிகம் விழுந்ததோ அதை நடுவாக வைத்து 10 அங்குல வட்டம் போட்டு, மார்க்கரால் ஒவ்வொரு ஓட்டையாகப் புள்ளி வைத்துக்கொண்டே எண்ணுங்கள். நூறு ரவை என்பது வேட்டைக்காரர்கள் ரொம்ப நாளாகப் பிடித்துவரும் அளவு. எண்ணிக்கை மட்டும் போதாது, கழுத்துப் படத்தின் மேல் ஓட்டைகளுக்கு நடுவே பெரிய காலியிடம் இருக்கிறதா என்று பாருங்கள். வட்டத்தின் நடு நீங்கள் குறிவைத்த இடத்திலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள், சோக் மாற்றினால் இது இடம் மாறுவது சகஜம், ஆறு அங்குலம் மேலே சுடுகிற துப்பாக்கிகளைப் பார்த்திருக்கிறேன். ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்க்கும் கருவி) மாட்டினால் திருத்துவது சுலபம். பிறகு இதே சுடுதலை 20 கஜத்தில் ஒரு முறை. குறி சரிபார்ப்பதை மலிவான சிறுபறவை ஷெல்லில் முடித்துவிட்டு, விலை கூடியதைக் கடைசியில் சுடுங்கள். ஒரே பெட்டித் தோட்டா உங்கள் துப்பாக்கியில் ஒரு மாதிரியும் நண்பர் துப்பாக்கியில் வேறு மாதிரியும் விழும், ஆகவே அவர் பரிந்துரையை நம்பி சோக் வாங்காதீர்கள்.

இனி அந்த 60 கஜம். காட்டுக்குள் தூரத்தைக் கண்ணால் கணிப்பது கடினம், 45 என்று நினைப்பது 58 ஆக இருக்கும். அந்தத் தூரத்தில் வட்டத்துக்குள் விழும் ரவை பாதிக்கும் கீழே போய்விடும், மிச்சம் நெஞ்சிலும் இறக்கையிலும் விழும். காயத்தோடு போன சேவல் யாருடைய டேகிலும் (சுட்ட பறவைக்கான அனுமதிச் சீட்டு) ஏறாது, எந்தக் கணக்கிலும் வராது. அதோடு அந்தத் திசையில் வேறு ஒரு வேட்டைக்காரர் உடம்பெல்லாம் பச்சைத் துணி சுற்றிக்கொண்டு, உங்களைப் போலவே பெட்டைக் குரல் கொடுத்தபடி மரத்தடியில் உட்கார்ந்திருக்கலாம். டங்ஸ்டன் ரவை ஈயத்தைவிடத் தூரம் போகும் என்பதை அவர் பக்கம் நின்று யோசியுங்கள்.

இந்தப் பறவை நமக்குச் சும்மா கிடைத்ததும் இல்லை. போன நூற்றாண்டின் நடுவில் மிசோரியில் இது சில ஆயிரம்தான் மிஞ்சியிருந்தது. வலை போட்டுப் பிடித்து, காடு காடாகக் கொண்டுபோய் விட்டு, 1960-இல் வசந்தகால சீசனைத் திரும்பத் தொடங்கியபோது அது மூன்றே நாள். 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி தோட்டா மீது விதிக்கும் 11 சதவீத வரி இன்றுவரை மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குப் போகிறது. இப்போது தென்கிழக்கு மாநிலங்களில் எண்ணிக்கை மறுபடி குறைந்து, சில இடங்களில் சீசனைத் தள்ளிவைத்து, ஆளுக்கு எத்தனை என்பதையும் குறைத்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் காயப்படுத்திவிட்டுப் போகிற தூரத்துச் சூட்டை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

புதிதாக வாங்குகிறவருக்கு நான் சொல்வது இதுதான். மூன்று அங்குல ஷெல் போடும் 20 கேஜ், 9-ஆம் எண் டிஎஸ்எஸ் ஒரு பெட்டி. 12 கேஜ் ஏற்கெனவே கையில் இருந்தால் மூன்று அங்குல ஈயம், 5-ஆம் எண், மூன்றரை வேண்டாம். துப்பாக்கியோடு வந்த ஃபுல் சோக், அந்த ரவைக்கு ஆகும் என்று எழுதியிருந்தால், அதைத்தான் முதலில் பேப்பரில் சுட்டுப் பாருங்கள், பல துப்பாக்கியில் அதுவே 40 கஜத்துக்குப் போதும், தனி சோக் வாங்கும் காசு மிச்சம். காட்டில் உட்கார்ந்ததும் தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரில் 40 கஜத்தில் ஒரு மரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், சேவல் அதைத் தாண்டி உள்ளே வரும்வரை பாதுகாப்பு விசையில் கை வைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் அட்டையைப் படம் எடுத்து அனுப்புங்கள். தூரம், ஷெல், சோக் மூன்றையும் அட்டையிலேயே எழுதிவிடுங்கள், எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன்.