முழுதாகத் திரும்பி வரும் அப்பளம்

12 ஆண்டுகளுக்குப் பிறகு வீடு திரும்பிய மகனுக்குத் தாய் தலைவாழை இலை போட்டுப் பரிமாறுகிறாள். முதல் கவளத்தை வாயில் வைத்ததும் அவன் கண் கலங்குகிறான். நேற்று இரவு பார்த்த நெடுந்தொடரில் வந்த காட்சி இது. அந்த அப்பளம் மட்டும் குறுக்கே வராதிருந்தால் நானும் கலங்கியிருப்பேன். தாயின் தோளுக்குப் பின்னாலிருந்து காட்டும்போது மகன் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றோடு பிசைந்துகொண்டிருக்கிறான். அவன் பக்கமிருந்து தாயைக் காட்டும்போது அதே அப்பளம் பௌர்ணமி நிலவுபோல இலையோரத்தில் முழுதாகக் கிடக்கிறது. மறுபடியும் மகனிடம் வந்தால் அப்பளமே இல்லை. இதற்கிடையில் சாம்பார் சாதம் ரசத்துக்குப் போய் மீண்டும் சாம்பாருக்கே திரும்பிவிட்டது. சுவர்க் கடிகாரம் 8.20-இலிருந்து 11 மணிக்கு ஓடி, யாரோ அதட்டியதுபோலப் பின்வாங்கி எட்டரையில் வந்து நின்றது.

படப்பிடிப்பு எப்படி நடக்கிறது என்று தெரியாமல் நான் கத்தவில்லை. உரையாடல் காட்சிகளைப் பெரும்பாலும் நாம் பார்க்கும் வரிசையில் எடுப்பதில்லை. கேமராவும் விளக்குகளும் மகனை நோக்கி இருக்கும்போதே அவனுடைய ஷாட்டுகளை எல்லாம் முடித்துவிட்டு, பிறகு ஒளியமைப்பை மாற்றித் தாயின் பக்கத்தை எடுப்பார்கள்; இடையில் மணிக்கணக்கில் நேரம் போகலாம், மதிய இடைவேளை வரலாம், பசியில் யாராவது அந்த அப்பளத்தைத் தின்றும் இருக்கலாம். அதனால்தான் கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் மாறாமல் இருக்க வேண்டிய தொடர்ச்சி, எழுதுவதற்கென்றே ஓர் உதவி இயக்குநரை வைத்திருக்கிறார்கள். டம்ளர் எந்தக் கையில் இருந்தது, எந்த வசனத்தில் எழுந்தார், முந்தானை செருகியிருந்ததா தொங்கியதா என்பதையெல்லாம் குறித்து வைப்பதே அவர் பொறுப்பு. முன்பு போலராய்டு படம் எடுத்து நோட்டில் ஒட்டினார்கள். இன்று படப்பிடிப்புத் தளத்தில் தேநீர் கொடுப்பவர் உட்பட எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது, அப்பளத்தை மட்டும் ஒருவரும் படம் பிடிப்பதில்லை.

தினமும் ஒளிபரப்பாகும் தொடருக்கு அவகாசம் கிடையாது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், வசனம் எடுத்துக்கொடுப்பது, கிளாப் அடிப்பது, நடிகரைக் கேரவனிலிருந்து அழைத்து வருவது என்று எல்லாவற்றையும் ஒரே இளைஞன் தலையில் கட்டினால் அவன் எதைத்தான் கவனிப்பான்? மானிட்டரில் பார்த்துவிட்டும் "இதையெல்லாம் யார் கவனிக்கப் போகிறார்கள்" என்று அடுத்த ஷாட்டுக்கு நகர்கிறவரின் மீதுதான் எனக்கு ஆத்திரம். அந்த 'யார்' நான்தான் ஐயா!

ஆண்டுக்கணக்கில் எடுக்கப்படும் திரைப்படங்களுக்கு இந்தச் சாக்கும் கிடையாது. கதாநாயகன் அடர்ந்த தாடியோடு கதவைத் திறந்து உள்ளே நுழைகிறான், அறைக்குள் அது அரைத்தாடியாகிவிடுகிறது. பேட்ச் ஒர்க் என்று விடுபட்ட துண்டுகளைப் பிறகு எடுத்த நாளில் நடிகர் வேறொரு படத்துக்காக மழித்துவிட்டிருப்பார்.

வெளிநாட்டில் மட்டும் நடக்கவில்லையா என்று 2019-இல் கேம் ஆஃப் த்ரோன்ஸ் என்ற ராஜா ராணி காலத்துக் கற்பனைத் தொடரின் விருந்துக் காட்சியில் காகிதக் காபிக் கோப்பை தெரிந்த கதையை எடுத்துவருவார்கள். நடந்தது, ஆனால் பார்வையாளர்கள் சுட்டிக்காட்டிய ஓரிரு நாளில் நிறுவனம் அதைக் கணினி வழியாக அழித்துவிட்டது. இங்கே சுட்டிக்காட்டினால் "கதையைப் பார்க்காமல் இலையைப் பார்க்கிறாயா" என்ற ஏச்சுதான் கிடைக்கிறது.

இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச்சைத் துணைக்கு அழைப்பார்கள். ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும் வெட்டைத் தீர்மானிக்கும்போது உணர்ச்சிக்கு 51 சதவீதமும், ஆட்கள் இருக்கும் இடத்தொடர்ச்சிக்கு வெறும் 4 சதவீதமும் மதிப்பளித்தவர் அவர். நல்லது, நடிப்பு பிரமாதமாக அமைந்த டேக்குக்காக டம்ளரில் ஒரு விரற்கடை நீர் கூடிக் குறைந்தால் நான் மூச்சு விடமாட்டேன். தாய் "சாப்பிடுப்பா" என்று குரல் உடையும் அந்த நொடியில் நொறுங்கிய அப்பளம் முழுதாக எழுந்து வந்தால், காப்பாற்றப்பட வேண்டிய அந்த 51 சதவீதமே போய்விடுகிறதே! விம்ம வேண்டிய இடத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

இன்றைய பகுதி நேற்றைய காட்சியின் தொடர்ச்சியோடு தொடங்கியது. மகன் கை கழுவ எழுந்துவிட்டான், தாய் இலையை மடிக்கக் குனிகிறாள். இலையில் அப்பளம் இருக்கிறது, இந்த முறை இரண்டு.