கயிற்றை ஏன் வெட்டினீர்கள்?

நம் ஊர் மாதா கோயில் மணியின் கயிற்றை வெட்டிவிட்டு, பதிவு செய்த மணிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் போடுகிற பெட்டியை வைத்துவிட்டீர்கள். வெள்ளிக்கிழமை அந்தப் பெட்டியால் ஊரில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். நேற்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "மணி யாரு அடிச்சா என்ன, சத்தம் வந்தாப் போதும்" என்று எழுத, அதற்கு நாற்பது பேர் கைதட்டியிருக்கிறார்கள். சரி, எழுதிவிடுகிறேன்.

சத்தம் வந்தால் போதாது மக்கா. துக்க மணிக்கு நடுவில், பெட்டியோடு இணைத்திருந்த செல்போனுக்கு அழைப்பு வந்து, யாரோ வைத்திருந்த குத்துப்பாட்டு கோபுரத்து ஒலிபெருக்கியில் கடற்கரை வரைக்கும் கேட்டதே, அதுவும் சத்தம்தான். செத்த பாட்டியின் பிள்ளைகள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மணியை ஆள் அடிக்க வேண்டும். நான் சொல்வது அவ்வளவுதான்.

என் அப்பா, மணி அடிப்பது முதலான கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை இல்லை. வள்ளத்தில் போகிறவர். மணி மேல் இருந்த ஆசையில் கோயில்பிள்ளையிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு, கடலுக்குப் போகாத நாளெல்லாம் அவர்தான் அடித்தார். பத்து வயதில் எனக்கும் கயிற்றைக் கொடுத்தார். நான் பலம் கொண்ட மட்டும் இழுத்தேன், திரும்பி வந்த மணி என்னையே தூக்கிவிட்டது, உள்ளங்கைத் தோல் போனது. "இழுக்காதல, அது போற போக்குல விட்டுப் பிடி" என்றார். காலை, மத்தியானம், சாயங்காலம் சொல்கிற திரிகால செபத்துக்கு மூன்று மூன்றாக மூன்று தடவை, அப்புறம் தொடர்ந்து. துக்க மணிக்கு ஒரு அடி, அதன் ரீங்காரம் அடங்கிய பிறகுதான் அடுத்தது. அந்த இடைவெளியில் வலை பின்னுகிற கை நிற்கும், "யாரு?" என்று கேட்பார்கள். ஒலிபெருக்கியில் அந்த இடைவெளி இல்லை, கரகரப்புதான் இருக்கிறது.

ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள். சாயங்காலம் மணலில் பந்து விளையாடுகிற ஐம்பது பையன்களில் ஒருவனைக் கூப்பிட்டுக் கேட்டீர்களா? கேட்கவில்லை. பணம் பிரித்தீர்கள், பெட்டி வாங்கினீர்கள், கயிற்றை வெட்டினீர்கள்.

"வெளிநாட்டுல எல்லாம் ஆட்டோமேட்டிக்" என்று ஒரு தம்பி பாடம் நடத்தியிருக்கிறார். தம்பி, ஸ்பெயினில் கையால் மணி அடிப்பதை 2022இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. இங்கிலாந்தில் ஆளுக்கொரு கயிறு பிடித்து, எந்த மணிக்குப் பின் எந்த மணி என்று வரிசையை மாற்றி மாற்றி அடிப்பார்கள். கோபுரத்தில் ஏழு மணிகள் இருந்தால் 5040 வரிசை. ஒன்றுகூடத் திரும்ப வராமல் அடித்து முடிக்க மூன்று மணி நேரம் போல ஆகும். அதில் பூசைக்கே போகாதவர்களும் உண்டு, பொழுதுபோக்குக்காகக் கோபுரம் ஏறுகிறார்கள். நம் ஊரில் அதே ஆசை இருந்தால் அவனுக்கு வேலை வெட்டி இல்லை என்று பெயர்.

கோயில் மணிச் சத்தத்தில் குழந்தை தூங்கவில்லை, இரவு வேலை பார்த்தவர் தூங்கவில்லை என்பதில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திருவிழா பத்து நாளும் வீட்டு வாசலில் குழாய் ஒலிபெருக்கி கட்டும்போது அந்தக் குழந்தை எங்கே போயிருந்தது?

ஒக்கிப் புயலை மறந்துவிட்டீர்களா? 2017 நவம்பர் 30. கம்பமெல்லாம் சாய்ந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லை, செல்போன் இல்லை. அன்றைக்கு ஊரைக் கூட்டியது அந்த மணிதான், கயிற்றைப் பிடித்து ஆள் அடித்த மணி. அடுத்த புயலுக்குப் பெட்டிக்கு யார் கரண்ட் கொடுப்பார்கள்? பெரிய வியாழன் பூசையில் 'உன்னதங்களிலே' பாட்டு முடிந்தால், ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவு வரைக்கும் மணி மௌனமாக இருக்க வேண்டுமே, அதற்கு என்ன, மியூட் பட்டனா?

சென்னையில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறேன் என்பீர்கள். ஆமாம், பேசுகிறேன். கோயில் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவையில் இருக்கிற ஒருவர் "உங்க அப்பாவுக்கு அந்தக் காலத்துல கோயில் கொடுத்ததெல்லாம் மறந்துபோச்சா" என்று கேட்டிருக்கிறார். என்ன கொடுத்தீர்கள் அண்ணே? கிறிஸ்மசுக்கு ஒரு கேக். அதையும் அவர் பூசைக்கு உதவுகிற பீடப் பையன்களுக்கு வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

நேற்று மத்தியானம் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒலிபெருக்கி மணி கேட்டது. அது ஓய்ந்து கொஞ்ச நேரம் கழித்து, திண்ணையிலிருந்து அப்பா கேட்கிறார், "பன்னிரண்டு ஆச்சே, இன்னும் மணி அடிக்கலையா?"