மரக்கன்று போதும் என்று எங்களிடம் சொல்லாதீர்கள்

பாலாற்றங்கரையில் உள்ள ஓர் ஊர் நூலகத்தில் பள்ளி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்தினார்கள். உலக அமைதி, சமூக நீதி, பூமியைக் காப்போம் என்று மூன்று தலைப்புகள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுத வேண்டும். தாள்களைப் படித்து மதிப்பெண் போடும் வேலை என்னிடம் வந்தது. பெரும்பாலானவற்றில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்து வளர்ந்த அதே முன்னுரை, அதே முடிவுரை. ஒரு பத்தாம் வகுப்பு மாணவி மட்டும் 'பூமியைக் காப்போம்' என்ற தலைப்பின் கீழ் தன் பாட்டி வீட்டுக் கிணற்றைப் பற்றி எழுதியிருந்தாள். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் மறுநாள் குடத்தின் உள்விளிம்பில் வெள்ளையாகப் படிந்துவிடுமாம். அதில் பருப்பு வேகாதாம். அதைப் பாய்ச்சிய தென்னை குரும்பையிலேயே உதிர்ந்துவிடுமாம். பாட்டி குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்குகிறார். 'எங்கள் பாட்டி யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. கிணற்றைக் கெடுத்தவர்கள் ஏன் தண்ணீர் வாங்கித் தருவதில்லை?' என்று கடைசி வரியில் கேட்டிருந்தாள்.

இந்தக் கேள்விக்கு இந்தியச் சட்டத்தில் பதில் இருக்கிறது. அந்தப் பதிலை நிலைநிறுத்திய முக்கியமான வழக்குகளில் ஒன்று எங்கள் வட ஆர்க்காட்டு மண்ணினுடையது. தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் வயலிலும் ஓடையிலும் பாலாற்றிலும் விடப்படுகிறது என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவர்தான் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும், கெட்டுப்போன நிலத்தையும் நீரையும் சீர்செய்யும் செலவையும் அவரே ஏற்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. தோல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டித் தரலாம், வேலை கொடுக்கலாம், ஆனால் சூழலை அழிக்கும் உரிமை அதற்குக் கிடையாது என்றும் சொன்னது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போய்விட்டதாக ஓர் ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே எடுத்துக்காட்டப்பட்டிருக்கிறது.

இன்று நாட்டின் எந்த மூலையில் சட்டம் படிப்பவரும் இந்த வேலூர் வழக்கைப் படிக்காமல் தேர்வு எழுத முடியாது. வேலூர்ப் பக்கத்துப் பள்ளியில் படிக்கும் அந்தப் பெண்ணுக்கோ இப்படி ஒரு தீர்ப்பு இருப்பதே தெரியாது. தெரியாமலேயே அதன் சாரத்தைத் தன் கையெழுத்தில் கேட்டிருக்கிறாள். அவளுக்கு இதைச் சொல்லித் தராத பெரியவர்கள்தான், இளைஞர்களுக்குச் சமூக அக்கறை இல்லை என்று மேடை மேடையாகப் பேசுகிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை.

கிணறு ஏன் உப்பாகிறது என்பதையாவது பிள்ளைகளுக்குச் சொல்லலாம். பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதில் உப்பை அள்ளிப் போட்டுத்தான் தொழிற்சாலைக்கு அனுப்புகிறார்கள். அங்கே முதல் வேலை அந்த உப்பைக் கழுவி எடுப்பது. பிறகு மயிரை நீக்கச் சுண்ணாம்பு, பதனிடக் குரோமியம் என்ற உலோகம் கலந்த ரசாயனம். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்பது 1996 தீர்ப்பிலேயே இருக்கும் கணக்கு. கழிவுநீரிலிருந்து குரோமியத்தைப் பிரித்தெடுக்க வழி உண்டு. கரைந்துபோன உப்பைப் பிரிப்பதுதான் பெரும்பாடு, பெருஞ்செலவு. அந்தச் செலவைத் தவிர்த்த ஒவ்வொரு நாளும் அந்த உப்பு யாரோ ஒருவருடைய கிணற்றில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

1996-இல் வந்த தீர்ப்புக்குப் பிறகு எல்லாம் சரியாகியிருக்க வேண்டும் அல்லவா? இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைந்தது, 2001-இல் தொகையும் அறிவிக்கப்பட்டது. ஆனாலும் வழக்கு மீண்டும் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. 2025 ஜனவரி 30 அன்று, பாதிக்கப்பட்டவர்களுக்குப் பாக்கியிருக்கும் இழப்பீட்டை அரசே முதலில் கொடுத்துவிட்டு, பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றம் சொன்னது. நான் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்ட வழக்கு என்று நினைத்திருந்தேன். அதை இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறோம். முதல் மனு போட்ட காலத்தில் நாற்பது வயதில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த விவசாயிக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது.

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையையும் சொல்லியாக வேண்டும். அங்கே குரோமேட் என்ற குரோமிய ரசாயனம் தயாரித்த ஓர் ஆலை தொண்ணூறுகளில் மூடப்பட்டது. ஆலை போய்விட்டது, ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு அங்கேயே மலைபோல் கிடந்தது. மழை பெய்தால் மஞ்சளாகக் கசியும் அந்த நீரில் இருப்பது புற்றுநோய் வரவழைக்கக்கூடிய வகைக் குரோமியம். ஆலையின் லாபத்தில் ஒரு பைசாவைக்கூடப் பார்த்திராத தலைமுறைக்கு அதன் குப்பை சொத்தாக வந்திருக்கிறது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் அதே சிப்காட்டில், தோல் கழிவுச் சேற்றைத் தேக்கிவைத்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது சேறு பாய்ந்து 10 பேர் செத்துப் போனார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுற்றுச்சூழல் என்று சொன்னதும் நம் கண்முன் மானும் மயிலும்தான் வருகின்றன. அந்தத் தொழிலாளர்களும் வர வேண்டும். தங்க இடமில்லாமல் வேலை செய்த இடத்திலேயே படுத்துறங்கியவர்களின் சாவு எந்தத் தலைப்பில் சேரும்? பூமியிலா, சமூக நீதியிலா? இப்படித் தலைப்புத் தலைப்பாகப் பிரித்துக் கொடுப்பதிலேயே எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் பகுதியில் இவை பிரிந்து கிடக்கவில்லை.

அதே பாலாற்றின் மேல், வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் 2019 ஆகஸ்டில் நடந்ததை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறீர்கள்? இறந்துபோன ஒரு தலித் மனிதரின் உடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும் வழி, வேறு சாதியினரின் நிலத்தின் ஊடாகப் போனது. வழி மறுக்கப்பட்டது. உறவினர்கள் பாலத்தின் மேல் நின்று, உடலைக் கயிற்றில் கட்டிக் கீழே ஆற்றுக்கு இறக்கினார்கள். அந்தக் காணொளியைப் பார்த்த பிறகு பல நாள் என்னால் பாலங்களை இயல்பாகக் கடக்க முடியவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. அதிகாரிகள் தனிச் சுடுகாட்டுக்கு இடம் ஒதுக்கினோம் என்றபோது, அப்படித் தனியாக ஒதுக்குவது அரசே பிரிவினையை ஊக்குவிப்பதாகாதா என்று நீதிபதிகள் கேட்டார்கள். சரியான கேள்வி அது. பாலாற்றை மீட்போம் என்று ஊர்வலம் போகும் நாங்கள், அந்த ஆற்றங்கரைக்கு நடந்து போகும் வழி எல்லோருக்கும் இருக்கிறதா என்றும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இப்படி ஒரு தகராறு வெடித்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தைக்கு அழைப்பார்கள். நல்லதுதான், அடிதடியைவிட நூறு மடங்கு மேல். ஆனால் அந்த மேசையில் விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்கப்படுவது பெரும்பாலும் யாரிடம் என்று கவனித்துப் பாருங்கள். 'பிரச்சினையைப் பெரிதாக்காதீர்கள்' என்ற அறிவுரை அடிபட்டவர் பக்கம்தான் போகிறது. வழியை அடைத்தவர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார், வழி அடைத்தபடியே இருக்கும். அன்று இரவு ஊரில் சத்தம் இருக்காது என்பது உண்மை. அதை உலக அமைதியின் கணக்கில் சேர்க்க என் மனம் ஒப்பவில்லை.

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கத்து அல்லேரி மலைக்கு வருவோம். 2023 மே மாதம் அங்கே பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனை சேருவதற்குள் இறந்துபோனது. பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்பும்போது, மேலே சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. பெற்ற தாய் அந்த உடலைக் கையில் ஏந்திப் பல கிலோமீட்டர் மலையேறினார். அந்த மலைக்குச் சாலை போட வேண்டுமென்றால் வனத்துறையின் அனுமதி வேண்டும். என் நண்பர்களில் சிலர், காட்டுக்குள் சாலை போனால் காடு போய்விடும் என்று வாதாடினார்கள். அவர்களுடைய அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் காட்டைத் துண்டாடும் நான்குவழிச் சாலைகளுக்குத் தாமதமின்றிக் கிடைக்கும் அனுமதி, ஒரு ஆம்புலன்ஸ் ஏறிப்போகும் அகலத்துப் பாதைக்கு ஏன் இத்தனை ஆண்டு கிடைக்கவில்லை? காட்டைக் காக்கும் செலவு முழுவதையும் மலைவாழ் மக்கள் தலையில் சுமத்திவிட்டு, கீழே நாம் குளிர்சாதன அறையில் பசுமை பேசுவதை நான் ஏற்கமாட்டேன்.

இதை எழுதினால் ஒரு கேள்வி உடனே வரும்: 'தோல் கம்பெனிகளை மூடிவிட்டால் உன் ஊர்க்காரர்கள் எங்கே போவார்கள்?' ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் விடிந்தும் விடியாததுமாகக் கம்பெனி பஸ்ஸுக்குக் கையில் டிபன் பாக்ஸோடு நிற்கும் பெண்களைத் தினமும் பார்க்கிறவன் நான். அவர்கள் சம்பளத்தில் படித்த தங்கைகளும் அக்காக்களும் என் வகுப்பில் இருந்தார்கள். மூடு என்று நான் சொல்லவில்லை. கழிவைச் சுத்திகரிக்கும் செலவு காலணியின் விலையில் ஏறட்டும் என்கிறேன். ஐரோப்பாவில் அந்தக் காலணியை அணிகிறவர் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கட்டும், ஆலை முதலாளி லாபத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டும். இவ்வளவு காலமும் அந்த விலையை உப்புத் தண்ணீராகக் குடித்துக் கட்டியவர் கேனுக்குக் காசு கொடுக்கும் அந்தப் பாட்டி.

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள் வந்தால் எங்கள் கையில் மரக்கன்று கொடுக்கிறார்கள். நடுகிறோம், தண்ணீர் ஊற்றுகிறோம். மரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எந்தத் தண்ணீரை ஊற்றுகிறோம் என்று கேட்டால் மட்டும் நிகழ்ச்சி நேரமாகிவிட்டது என்று ஒலிபெருக்கியை வாங்கிவிடுகிறார்கள்.

ஆகவே, நண்பர்களே, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவருக்கும் கிராமசபையில் பேச உரிமை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று உங்கள் ஊர்க் குடிநீர்க் கிணறுகளின் பரிசோதனை முடிவை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கச் சொல்லுங்கள். கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீராதாரமே இல்லாத இடத்தில்கூட 2,000-ஐத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். குரோமியம் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். கையில் முடிவு இல்லை என்றால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். சுடுகாட்டுக்குப் பொது வழி இருக்கிறதா என்பதையும் அதே கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டாம்.

மனு எழுதத் தெரியாதவர்கள் எனக்குச் செய்தி அனுப்புங்கள், மாதிரிப் படிவம் தருகிறேன். உங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் இப்போது எப்படி இருக்கிறது என்று ஊர் பெயரோடு கீழே எழுதுங்கள். அடுத்த கிராமசபைக்கு முன் அவற்றை ஊர்வாரியாகத் தொகுத்து இங்கேயே போடுகிறேன்.